கிழித்துத் தைத்த கௌரவம்

அமெரிக்காவின் நியூபோர்ட் நகரத்துப் பணக்கார மாளிகைகளின் கிழிந்த மேசைவிரிப்புகளை முப்பது வருடமாகத் தைத்துத் தருபவள் எங்கள் சலவைக்கூடத்து ஓனோரா. அவள் கைவேலையை மிஞ்ச ஆளில்லை. ஒருநாள், ஆணி வியாபாரத்தில் திடீர்ப் பணம் பார்த்த கிரிசம் சீமாட்டி புத்தம்புது விரிப்போடு குதிரைவண்டியில் வந்து இறங்கினாள்.

“இதை நாலு இடத்துல கிழிச்சுத் தைச்சுக் கொடு.”

“நல்ல துணியை எதுக்கும்மா கிழிக்கணும்?”

“பரம்பரைப் பணக்காரங்க வீட்டுல எல்லாம் தையல் போட்ட பழைய விரிப்புதான். என்னோடதைப் பார்த்ததுமே நேத்து வந்த பணக்காரின்னு சிரிக்கிறாங்க.”

ஓனோரா சிரிக்கவில்லை. எழுந்து நின்று, தன் பாவாடையை விரித்துக் காட்டினாள். பதினேழு இடத்தில் கிழிசல் தைத்த தையல்.

“அப்படின்னா இந்த ஊர்லயே பெரிய பரம்பரை நான்தான். விருந்துல என்னை எங்கம்மா உட்கார வைப்பீங்க?”