பசளைப் பையில் சுற்றிய துவக்கு

சவளக்கடை ஊர் அழகரெத்தினத்துக்கு றஸாக் எண்பதாயிரம் ரூபா கடன்பட்டிருந்தார். சிறுபோக வேளாண்மையை யானை மிதித்துவிட்டுப் போன பிறகு, பெரும்போகத்து விதைநெல்லுக்கும் உழவுக்கும் எடுத்துக் கொடுத்தது அந்த மனிசன்தான். எழுத்துமில்லை, சாட்சியுமில்லை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கூலிக்கு வரம்பு கட்டி, கடைசியில் நாலு ஏக்கருக்குச் சொந்தக்காரனான ஆள் றஸாக். கல்முனையில் அப்படி வந்தவர்கள் எத்தனை பேர், சொல்லுங்கள் பார்ப்போம்! அப்பேர்ப்பட்ட ஆளுக்கு இந்தக் கடன் சோறு இறங்கவிடவில்லை.

இந்தமுறை வயலைக் காக்க அவரிடம் இருந்தது ஒரு ஒற்றைக்குழல் துவக்கு. யானையைச் சுட அல்ல, வானத்தைப் பார்த்து வெடி வைக்க. லைசன்ஸ் உள்ளது. வருசம் முடியமுதல் அரசாங்கக் கந்தோரில் காட்டிப் புதுப்பிக்க வேணும்.

காட்டப் போவதற்கு முதல்நாள் காலை அலுமாரிக்கு மேலிருந்து துவக்கை இறக்கினார். மாரி ஈரம் படக்கூடாதென்று தன் கையாலேயே பையில் சுற்றிக் கட்டி வைத்தது. அவிழ்த்துப் பார்த்தால் குழாய் முழுக்கச் செம்மண் பூசினதுபோல் துருக் கறள்.

மனைவி றாஹிலா பையை மணந்து பார்த்தா. "இது யூரியாப் பையெல்லோ! கழுவினீங்களா?"

"காஞ்ச பைதானே புள்ள."

"பசளை ஈரத்தை இழுக்கும் எண்டு ஊருக்கெல்லாம் பாடம் நடத்துறது நீங்கதானே?"

அவர் குழாயைத் திருப்பிப் பார்த்தார். மேல் கறள் பெரிய காரியமில்லை. குழாயின் அடியில் அடித்திருந்த ஐந்து இலக்க நம்பரில் கடைசி இரண்டும் கறளுக்குள் தாண்டு கிடந்தன. நம்பர் தெரியாவிட்டால் துவக்கைப் பிடித்து வைப்பார்கள். துவக்குப் போனால் வயல் போகும். மறுகா அழகரெத்தினத்தின் முகத்தில் எப்படி முழிக்கிறது?

மருமகன் ஹிஷாம் இரும்பு தேய்க்கிற எமரிப் பேப்பரோடு வந்தான். "அஞ்சு நிமிச வேலை மாமா. பளபளண்டு ஆக்கித் தாறன்."

"ஓம், நம்பரும் பளபளண்டு போயிரும். கள்ளத் துவக்கெண்டு என்னைக் கொண்டுபோவாங்க. நீ ஜெயிலுக்குச் சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு வா!"

துவக்கை நடுவில் மடித்துத் திறந்து உள்ளே தோட்டா இல்லையென்று இரண்டு தரம் பார்த்தார். றாஹிலாவின் தையல் மெசின் எண்ணெயைக் குழாயில் பூசி, லுஹர் தொழுதுவிட்டு வரும்வரை ஊறவிட்டார். பழைய கரண்ட் வயரை உரித்து, உள்ளேயிருந்த செம்புக் கம்பியைப் பந்தாகச் சுருட்டினார்.

"செம்பு இரும்பைவிட மெது. கறளைத்தான் தின்னும். எத்தின தண்ணிப் பம்பைக் கழட்டிப் பூட்டின கை தெரியுமா இது?" என்றார்.

மெல்ல மெல்லத் தேய்த்தார். துணியில் கறள் தண்ணி சேறாக வந்தது. குழாய் கறுப்புத் திரும்பியது. நாலாவது இலக்கம் ஏழு. ஐந்தாவதில் பாதிதான் தெரிந்தது.

"மூணு," என்றான் ஹிஷாம்.

லைசன்ஸில் இருந்தது எட்டு. றஸாக் லைசன்ஸைத் திரும்பவும் விரித்துப் பார்த்தார்.

"ஊசியால இடப்பக்கம் ஒரு கீறு கீறினா எட்டாயிரும் மாமா."

"கீறினா அது களவு. பேசாம இரி!"

சொல்லிவிட்டாரே தவிர, ஊசி எங்கே இருக்கிறதென்று அவருடைய கண்ணும் தேடத்தான் செய்தது. றாஹிலா ஊசிப் பெட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா. அவர் திரும்பவும் எண்ணெய் விட்டார். திண்டாட்டத்தோடு அஸர் தொழப் போனவருக்கு எத்தனை றக்அத் தொழுதோம் என்றே மறந்துபோனது. வந்து, செம்புக் கம்பியின் நுனியால் கிண்டாமல் வருடினார். பொருக்கு ஒன்று கழன்றது. எட்டின் இடப்பக்க வளைவு மயிர்போல் தெரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" தெருவுக்கே கேட்டது.

அடுத்தநாள் கந்தோரில் அதிகாரி நம்பரை விரலால் தடவித் தடவி வாசித்தார். கடைசி இலக்கத்தில் கொஞ்சம் நின்றார். "எட்டு," என்று எழுதினார். புதுப்பித்த லைசன்ஸோடு றஸாக் வெளியே வந்தார்.

கதிர் முற்றும் நேரத்தில் யானைகள் வந்தன. வானத்துக்கு இரண்டு வெடி. காட்டுப் பக்கம் கிறுகிவிட்டன. நெல்லு விற்ற அன்றே றஸாக் சவளக்கடைக்குப் போனார்.

"றஸாக் காக்கா, என்ன அவசரம்? ஆறுதலாத் தந்திருக்கலாமே," என்றார் அழகரெத்தினம். "சரி, எண்ணாமத் தாங்க."

"எண்ணாமக் குடுக்க நான் என்ன முதலாளிட மகனா? கைய விரி மச்சான்."

விரித்த கையில் ஐயாயிரம் ரூபாத் தாள்கள் பதினாறையும் ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணி வைத்தார்.