ரெண்டரைப் பேர்

பதுளைக் கடைவீதிப் பெரியோர்களுக்கும், எங்கள் கடைப் பலகையில் நான் மாட்டும் நோட்டீசுகளைப் படித்துச் சிரிக்கும் கூட்டாளிகளுக்கும் மிகுந்த துயரத்துடன் அறிவிப்பது... எங்கள் கடைச் சொளகு இன்றுமுதல் சும்மா தொங்குகிறது.

சிரிக்காதீர்கள். அதில் கொத்தமல்லி புடைத்த அக்கா நேற்றுக் காலையில் செத்துப்போனார். காய்ச்சல். மூன்றே நாள்.

உங்களுக்கெல்லாம் 'அரைப் பேர்' என்றால்தான் தெரியும். ஆள் குள்ளம், அதனால் அந்தப் பேர் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை...

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து மகள் பூவாயியோடு எங்கள் கடைக்கு வேலைக்கு வந்தவர். ஏழு வயதுப் பூவாயிக்கு ஸ்கூல் கணக்கு வரவில்லை என்று சாயங்காலங்களில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வருவார்.

வசனக் கணக்கு என்றால் இந்த வீதியில் நான்தானே புலி! ஒரு விடைகூடத் தப்பியதில்லை என்று எனக்கு நானே தமுக்கடித்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் இந்தக் கணக்கு. பத்துப் பேர் ஒரு நாளில் செய்யும் வேலையை நான்கு நாளில் முடிக்க எத்தனை பேர் வேண்டும்?

பூவாயி விரலை மடக்கி மடக்கிப் பார்த்து, "ரெண்டரைப் பேருண்ணே" என்றாள்.

"அரை ஆளை எங்கடி புடிப்ப? இடுப்புக்கு மேலயா, கீழயா?"

"அரைப் பேரு இருக்குண்ணே! தோட்டத்துல அம்மாவுக்கு அரைப் பேருதான் போட்டாங்க."

விழுந்து விழுந்து சிரித்தேன். வாசலில் நின்ற அக்காதான் மெதுவாகச் சொன்னார்.

"கொழுந்து நிறை கொறஞ்சா, நாள் முழுக்க மலையில நின்னாலும் அரை நாள்தான் எழுதுவாங்க தம்பி. அதத்தான் அரைப் பேருன்னு சொல்றது. இவ வயித்துல இருக்கையில என்னால முடியல..."

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். சிலேட்டில் பெரிதாக 'மூன்று' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அக்கா கடைக்குள் நுழைந்ததும், "அரைப் பேர் வந்தாச்சு!" என்று கூவினேன்.

மத்தியானத்துக்குள் வீதி முழுக்க அதுதான் பேர்.

அன்று மாலை பூவாயி உள்ளங்கை சிவந்து வந்தாள். "மூணு தப்பாம்ண்ணே."

"ஒங்க வாத்தியாருக்குக் கணக்கு தெரியாது போ" என்றேன்.

நேற்று மரணத்தைப் பதியப் போனோம். எழுதுகிறவர், "செத்தவங்க பேர் என்னா?" என்றார். எங்கள் கடையில் மூட்டை தூக்கும் அண்ணன் யோசிக்காமல், "அரைப் பேருங்க" என்றார்.

"முழுப் பேரச் சொல்லுய்யா!"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். இரண்டு வருஷமாக எங்கள் கடையில்... எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

பூவாயிதான் சொன்னாள். "பேச்சியம்மா."

பேச்சியம்மா. என்னை ஒரு வார்த்தை திருப்பிப் பேசியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கணக்குப் புத்தகத்தின் கடைசித் தாளில் விடைகள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் எப்போதும் வாய் திறப்பேன். புலியாவது, கிலியாவது... அன்றைக்குச் சிரிக்கிற அவசரத்தில் பார்க்கவில்லை. பிறகு பார்த்தேன். பார்த்ததும் தாளைக் கிழித்து ஒளித்துவிட்டேன்.

இந்த நோட்டீசை அந்தத் தாளின் வெறும் பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன். பசை போடவில்லை, ஆணியில்தான் குத்தியிருக்கிறேன். திருப்பிப் பாருங்கள்... 2½.

போயிட்டு வாங்க, பேச்சியம்மாக்கா. ஒங்க மக சொன்னதுதான் ரைட்டு.