எஸ்தர் அக்கா சொல்லாமல் நிறுத்திய வார்த்தை

செவ்வாய்க்கிழமை காலை, சுரங்கத்துக்குப் போகும் முதல் ஷிப்ட் பஸ்கள் எல்லாம் போய் ரோடு காலியாகியிருந்தது. நான் பள்ளிக்கூட வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்தேன். எஸ்தர் அக்காவின் மருமகள் பிரேமா போன் செய்தாள். "சித்தி, அத்தை எந்திரிக்க மாட்டேங்கிறாங்க" என்றாள். அக்கா அசந்து தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். "தண்ணி தெளிச்சுப் பாரும்மா" என்றுகூடச் சொன்னேன். அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் துடைப்பத்தைக் கீழே போட்டேன்.

சபையில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். வியாழக்கிழமை தோறும் ஆண்டவரைப் பற்றிச் சொல்ல வீடு வீடாக, வீடு சந்திப்புக்குப் போகிறவர். பன்னிரண்டு வருஷம் நானும் அவரும் ஒரே காண்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கினோம். நான் ஐந்தாவதோடு நின்றவள். அக்காவைப் பற்றிச் சபையாருக்கு எழுதித் தரச் சொல்லிப் போதகர் கேட்டதால் எழுதுகிறேன். அழகாக எழுத வராது, நடந்ததைச் சொல்கிறேன்.

நான் குறிஞ்சிப்பாடிக்காரி. சர்ச் வாசல் தெரியாமல் வளர்ந்தவள். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் பங்கு வேலையையும் சேர்த்து அக்காதான் பார்த்தார். வேலைக்குத் திரும்பிய அன்று, "ஏன்க்கா எனக்காக இவ்ளோ கஷ்டப்பட்டீங்க?" என்று கேட்டேன். அக்கா திருநெல்வேலிப் பக்கம். "நீ கேட்டுட்டல்லா, இனி நான் சொல்லலாம். கேக்காம இருந்திருந்தா இன்னும் ரெண்டு மாசம் சும்மா கூட்டிட்டுத்தான் இருந்திருப்பேன்" என்று சிரித்தார். அன்று பள்ளிக்கூடத்துப் படியில் உட்கார்ந்து இயேசுவைப் பற்றிச் சொன்னார். எனக்கு விசுவாசம் வந்தது அப்படித்தான்.

வீடு சந்திப்பில் அவரும் ஆரம்பத்தில் அவசரக்காரர்தான். ஒரு தடவை காலை பதினொரு மணிக்கு சுரங்கத்துக்காரர்களின் ஒரு குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று நாங்கள் சத்தமாகப் பாடினோம். லுங்கியோடு ஒருவர் கதவைத் திறந்தார். கண் சிவந்திருந்தது. "நைட் ஷிப்ட் முடிச்சு இப்பதாம்மா படுத்தேன். உங்க சாமிக்கு ஷிப்டு கூடவா தெரியாது?" என்றார்.

"அவருக்குத் தெரியும் தம்பி, எனக்குத்தான் தெரியல. போய்ப் படுங்க" என்றார் அக்கா. அதற்கப்புறம் எந்த வீட்டில் யாருக்கு என்ன ஷிப்ட் என்று கேட்டுக்கொண்டுதான் போவார்.

இனி எழுதப்போவது உங்களில் பலருக்குத் தெரியாது. டவுன்ஷிப் ஓரத்தில் ஒரு வாடகை வீடு. மலர் என்கிற பெண், மாமியார், புருஷன். சுரங்கத்துக்கு நிலம் போய் வளையமாதேவிப் பக்கமிருந்து வந்தவர்கள். நாங்கள் முதலில் போன அன்று மலர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிலம் போன கதையைச் சொன்னாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் தேவ சித்தம்மா" என்றார்.

மலர் கையை உருவிக்கொண்டாள். "நீங்க பையன் குவார்ட்டர்ஸ்ல இருந்துகினு இத சொல்றீங்க. எங்க நெலத்த கேட்டது உங்க சாமியா, ஆபீஸ்காரங்களா? யாருன்னு சொல்லுங்க, அவருகிட்டயே பேசிக்கிறேன்."

அக்கா எழுந்துகொண்டார். திரும்பி நடக்கும்போது எப்போதும் ஏதாவது முணுமுணுத்துப் பாடுகிறவர், அன்று பாடவில்லை. பஸ் ஸ்டாப்பில் வந்து உட்கார்ந்து, "வசந்தா, ஆண்டவர் பேருல நான் பொய் சொல்லிட்டேன்ட்டி" என்றார்.

"என்னக்கா பொய்? வேதத்துல இருக்கறதுதான?"

"சித்தம்னு இருக்கு. மலரோட நெலம் போனது அவர் சித்தம்னு எங்க இருக்கு? எனக்கு யாரு சொன்னா?"

"அப்ப அவர் சித்தம் எதுன்னு எப்படித்தான் தெரிஞ்சிக்கிறது?"

"தெரிஞ்சா நான் ஏன்ட்டி தெனமும் முழங்கால்ல நிக்கேன்?"

அடுத்த வியாழன் அக்கா வேதத்தை எடுக்காமல் கிளம்பினார். மலர் வீட்டு வாசலில் நின்றபடியே, "போன வாரம் தெரியாத ஒண்ண தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். மன்னிச்சுக்கம்மா" என்றார். மலர் உள்ளே கூப்பிடவில்லை. "சரி, போயிட்டு வாங்க" என்றாள். அக்கா அதற்கடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். ஒருநாள் மலரே பாயைப் போட்டாள். வாய்க்கால் தண்ணீர் எந்த மூலையில் வயலுக்குள் நுழையும், அறுப்பு நாளில் யார் யார் வருவார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். அக்கா கேட்டுக்கொண்டிருப்பார். அவள் இயேசுவைப் பற்றிக் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. 'தேவ சித்தம்' என்கிற அந்த வார்த்தையை அதற்குப் பிறகு யார் வீட்டிலும் அவர் சொல்லிக் கேட்டதில்லை.

பெண்கள் கூட்டத்தில் ஒருவர், "ஒரே வீட்டுக்கு வருஷக்கணக்கா போறீங்களே, ஒருத்தராவது சபைக்கு வந்தாங்களா, ஏதாவது ஆச்சா?" என்று குத்தலாகக் கேட்டார். "ஆச்சே. அவ மாமியாருக்கு முட்டி வலி கொறைஞ்சிருக்கு" என்றார் அக்கா.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் குத்தல் என் மனசிலும் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நான் அங்கே போவதை நிறுத்திவிட்டேன். கடைசி வியாழனும் அக்கா கூப்பிட்டார். "துணி கெடக்குக்கா" என்றேன். "சரிட்டி" என்று தனியாக வெயிலில் போனார். அந்த "சரிட்டி" இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

அடக்கத்தன்று என்னிடம் வந்தவர்கள் எல்லாரும், "தேவ சித்தம், அழாத" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் மலர் தனியாக நின்றுகொண்டிருந்தாள். அவளை அங்கே யாருக்கும் தெரியாது.

"வியாழக்கெழம இனிமே யாரும் வரமாட்டீங்க, இல்லக்கா?" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் நிலைகொள்ளவில்லை. மலர் வீட்டுக்குப் போனால் அது ஆண்டவர் அனுப்பிப் போவதா, என் குற்ற உணர்ச்சி துரத்திப் போவதா? ஜெபித்தேன். பதில் ஒன்றும் வரவில்லை. வியாழக்கிழமைதான் வந்தது. போனேன்.

மலர் பாயைப் போட்டாள். பிறகு, "நல்லாத்தான இருந்தாங்க. ஏன்க்கா இப்படி?" என்று கேட்டாள். தொண்டை வரைக்கும் அந்த வார்த்தை வந்தது. நானும் சொல்லிவிட்டிருப்பேன், அதைச் சொன்னால் சட்டென்று எழுந்து வந்துவிடலாம்.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

அக்காவின் வேதம் பிரேமாவிடம் இருக்கிறது. பாட்டுப் புத்தகத்தைப் பேத்தி எடுத்துக்கொண்டாள். எனக்கு அந்த வீட்டு வியாழக்கிழமை வந்திருக்கிறது. மனசு இன்னும் அடங்கவில்லை. அடங்கினாலும் அடங்காவிட்டாலும் அந்தப் பாயில் போய் உட்காருவேன்.