இரண்டு தேதி போட்ட போஸ்டர்

கயல்விழியிடம் 'முடியாது' என்று சொன்னால் அவள் காதில் விழாது. மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது இது. கடலூர் முதுநகரை ஒட்டிய சோனங்குப்பத்தில், கடலுக்குப் போகிறவர் வீட்டிலிருந்து, சிதம்பரத்தில் எங்கள் கல்லூரிக்கு விஸ்காம் படிக்க வந்தவள். நான் நெல்லிக்குப்பம், மோகனப்பிரியா. அப்பாவுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. வேறு எதிலும் இடம் கிடைக்காமல் விஸ்காமில் சேர்ந்தவள் நான். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். கயல் மட்டும் விண்ணப்பத்தில் அந்த ஒரே பாடத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். திமிர் பிடித்தவள் என்று அப்போதே நினைத்தேன். இப்போதும் அதே நினைப்புதான். கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது.

2010 தொடக்கத்தில், கடைசிப் பருவத்துக்கான புராஜெக்ட் வந்தது. நாலு நிமிடப் பாட்டு ஒன்றைப் படமாக்க வேண்டும். அதற்கு விளம்பரமாக ஒரு போஸ்டரும் சிடி அட்டையும் தயாரிக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும், எதை ஏன் செய்தோம், எங்கே சறுக்கினோம் என்று இருபது பக்க அறிக்கை எழுத வேண்டும். இருவர் இருவராகச் சேரச் சொன்னார்கள். கயல் என்னைக் கேட்கவில்லை. பட்டியலில் என் பெயரையும் எழுதிவிட்டு வந்துதான் சொன்னாள்.

மற்றவர்கள் எல்லாரும் காதல் பாட்டு. பிச்சாவரத்துப் படகில் துப்பட்டா பறக்க எங்கள் வகுப்பு சினேகா நடிக்கப்போகிறாள் என்று தெரிந்ததும் பையன்கள் பாதிப் பேர் அவளுக்குப் படகு தள்ளக் கிளம்பிவிட்டார்கள். கயல் எடுக்க நினைத்தது அவள் அத்தையின் பாட்டு.

அத்தை பெயர் அமிர்தம். கயலின் அப்பாவுக்கு அக்கா. முதுநகரில் மீன் எடுத்துக்கொண்டு காலை ஏழு மணி தனியார் பஸ்ஸில் சிதம்பரம் போய், அம்மாபேட்டைத் தெருக்களில் விற்றுவிட்டு வருபவர். பத்தொன்பது வருட வியாபாரம். அந்தப் பஸ் பாதி நாள் அவரைப் பார்த்தும் நிற்காது. நின்றாலும் கூடை மேலே போகும். அத்தை பின்படி ஓரம் சிதம்பரம் வரைக்கும் நின்றுகொண்டே போக வேண்டும். இடம் காலியாக இருந்தாலும் கண்டக்டர் உத்திராபதி உட்கார விடமாட்டார். சீட்டு நாறுமாம். அவரைத் திட்டுவதற்கென்றே அத்தை கட்டிய பாட்டு அது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பஸ் நிற்காமல் போன ஒரு நாள், வயிற்றெரிச்சலில் தானாக வந்ததாம்.

'நில்லுங்க நில்லுங்க கண்டக்டரு சார்,
கூடையில இருக்கறது மீனுங்க சார்,
குண்டு ஒண்ணும் இல்லீங்க சார்,
குந்த ஒரு எடம் குடுங்க சார்.'

முதல் முறை கேட்டபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கயல் சிரிக்கவில்லை. அவள் அந்தப் பாட்டை ஆறு வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவள்.

எங்கள் வழிகாட்டி கண்ணாயிரம் சாருக்குப் பாட்டு பிடித்துவிட்டது. அத்தையின் போட்டோவைக் காட்டியதும்தான் யோசித்தார்.

"குரல் அவங்களுது இருக்கட்டும்மா. திரையில சினேகாவ வெச்சு எடு. ஒரு புடவைய கட்டிவிட்டு, தலையில கூடைய வெச்சா முடிஞ்சுபோச்சு."

"வயிறெரிஞ்சு பாடுனது அவுங்க. மூஞ்சி மட்டும் வேற ஆளுதா சார்?" என்றாள் கயல். "எங்க அத்த நடிப்பாங்க. இல்லன்னா நான் படமே குடுக்கல."

படம் கொடுக்காவிட்டால் பாஸ் கிடையாது. அவளோடு எனக்கும் கிடையாது. அதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லை. அன்று மாலை வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை.

அத்தையைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆனது. அவர் கணவர் கொளஞ்சி மாமா, "பொம்பளைங்க ரோட்ல நின்னு ஆடறதா?" என்று முறுக்கிக்கொண்டு திரிந்தார். ஆடுவதில்லை, மீன் விற்பதுதான் என்று கயல் தினமும் சாயங்காலம் போய்ச் சொன்னாள். கடைசியில், இவள் தொல்லை தாங்காமல் போய்த் தொலையுங்கள் என்றார். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி கடலூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பாட்டைப் பதிவு செய்தோம். ஒரு கீபோர்டு, ஒரு தவில், அத்தையின் குரல். துறையில் இரவல் வாங்கிய கேமராவில் நான் படம் பிடித்தேன். மீன் எடுக்கும் இடம், அம்மாபேட்டைத் தெரு, வெயில், பேரம் எல்லாம் முடிந்து ஒரே ஒரு காட்சிதான் பாக்கி: அத்தை கைகாட்டுகிறார், பஸ் நிற்காமல் போகிறது, புழுதியில் நின்று கடைசி அடிகளைப் பாடுகிறார். பஸ்ஸை நிற்காமல் போகவைக்க யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அது தானாகவே நடந்துவிடும் என்றுதான் அதைக் கடைசிக்கு வைத்திருந்தோம்.

அதற்கு முன் போஸ்டர் வேலையை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். துறைக் கம்ப்யூட்டரில் அத்தையின் முகத்தைப் பெரிதாக வைத்தாள் கயல். சிரிக்காத முகம், நேராகப் பார்க்கும் கண். கலரில் புடவையின் பச்சை கண்ணை உறுத்தியது. "கறுப்பு வெள்ளையாக்கிடுடி, சும்மா கெத்தா இருக்கும்" என்று சொன்னது நான்தான். அதை மறைக்க மாட்டேன். முகத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'அமிர்தம்'. விளம்பரத்தில் எல்லா விவரமும் இருக்க வேண்டும் என்று சார் சொல்லியிருந்ததால், பெயருக்கு இடப்பக்கம் 'பதிவு 12.2.2010', வலப்பக்கம் 'வெளியீடு 26.3.2010'. பாட்டின் பெயர் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. திரையில் பார்த்தபோது எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. நூறு பிரதி அடித்து, மைதா பசை காய்ச்சி, முதுநகரிலும் அம்மாபேட்டையிலும் நாங்களே ஒட்டினோம். பசையும் கையுமாகச் சுவருக்கு அரையடியில் நின்றதால், பத்தடி தள்ளிப்போய்ப் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

தள்ளி நின்று பார்த்தவர்கள் எல்லாம் ஒன்றையே பார்த்தார்கள். கறுப்பு வெள்ளை முகம், பெயர், இரண்டு பக்கமும் ஒவ்வொரு தேதி. நம் ஊரில் அதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறது?

மறுநாள் காலை, யாரோ சொன்ன சேதி கேட்டு, முடசல் ஓடை ஊரிலிருந்து கொளஞ்சி மாமாவின் தங்கை குட்டியானை வண்டியில் ஆளம்பு சேனையோடு வந்து இறங்கினார். கையில் ரோஜா மாலை. தெருமுனையிலேயே அழத் தொடங்கி, மாரில் அடித்துக்கொண்டு, "என்னப் பெத்த அண்ணி, எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே" என்று வாசலுக்கு வந்தார். பின்கட்டில் சுறா கழுவிக்கொண்டிருந்த அத்தை, யார் செத்தது என்று பதறி, கையில் கத்தியோடு ஓடிவந்தார். அவரைப் பார்த்ததும் நாத்தனார் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. போஸ்டர் ஒட்டிவிட்டு அன்றிரவு கயல் வீட்டில் தங்கியிருந்த நானும் அவளோடு ஓடினேன்.

இதை இன்றைக்குச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். அன்று அந்தத் தெருவில் யாரும் சிரிக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு ஒரு வருடம் முழுக்க அந்தச் சுவர்களில் கறுப்பு வெள்ளை முகங்களாக இருந்தன. அதில் ஒன்று கொளஞ்சி மாமாவின் தம்பி. கயல் அந்தச் சுவர்களைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனாள். அவள் இதை எப்படி மறந்தாள்? கல்லூரியில் காட்டிய வெளிநாட்டுப் போஸ்டர்களைப் பார்த்துப் பார்த்து எங்கள் கண்ணை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

"உசுரோட இருக்கறவளுக்கு போஸ்டர் அடிச்சிட்டியேடி" என்றார் மாமா. "இனிமே பாட்டும் கெடையாது, படமும் கெடையாது. வூட்டுப் பக்கம் வராத."

அத்தை திட்டவில்லை. கயலின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

பக்கத்து வீட்டு லோகநாயகி நல்ல மனசுக்காரர். "ஏன் இவ்ளோ பெருசாக்கறீங்க?" என்று நடுவில் வந்தார். "காக்கா தலையில தட்டுனா, செத்துட்டோம்னு நாமளே பொய்ச் சேதி சொல்லி அனுப்பி சொந்தக்காரங்கள அழ வெக்கறதில்லியா? அமிர்தத்துக்கு என்னமோ தோசம் இருந்துருக்கு, புள்ள கையால கழிஞ்சிபோச்சு. ஆயுசு கெட்டின்னு வெச்சுக்குங்க."

மாமாவின் முகம் கொஞ்சம் இளகியது. கயல் தலையை ஆட்டியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன்.

"இல்ல மாமா" என்றாள். "காக்காவும் இல்ல, தோசமும் இல்ல. நான் யோசிக்காம பண்ண தப்பு. ஒட்டுன போஸ்டர் அத்தனையும் என் கையால கிழிச்சிட்டு வரேன். ஆனா படத்த முடிப்பேன். அத்த வரலன்னா அப்படியே பாதியிலயே குடுக்கறேன். வேற ஆள போட மாட்டேன்."

எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது.

மூன்று நாள் சுவர் சுரண்டினோம். மைதா பசை காய்ந்தால் கல். வாளித் தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, பெயின்டர்கள் வைத்திருக்கும் தகட்டால் சுரண்ட வேண்டும். அத்தையின் முகம் பாதி கிழிந்து, ஒரு கண் மட்டும் சுவரில் நிற்கும்போது கயல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். விரல் நுனியெல்லாம் புண். முதல் நாள் முழுக்க நான் முணுமுணுத்துக்கொண்டே சுரண்டினேன். இரண்டாம் நாள் அவள் அழுதுகொண்டே சுரண்டுவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அம்மாபேட்டையில் இருந்தோம். இரண்டு நாள் வியாபாரத்துக்கு வராமல் இருந்த அத்தை, அன்று பஸ்ஸைத் தவறவிட்டு, மீனுக்கு ஐஸ் ஏற்றும் வண்டியில் வந்து கூடையோடு தெருவுக்குள் நுழைந்தார். வாடிக்கைக்காரப் பெண்கள் வாசலுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு வீட்டில் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மீன் வாங்கினார்கள். முனையில் பூ விற்கும் அமராவதி எழுந்து வந்து அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏழு மணி பஸ் கண்டக்டரு இருக்காருல்ல, உத்திராபதி, அந்தாளுகூட எங்கிட்ட பூ வாங்கறப்ப சொன்னாருக்கா. 'அந்த மீன்காரம்மா போயிடுச்சாமே. இத்தினி வருசத்துல ஒரு நாளு குந்தச் சொல்லல நானு'ன்னு ரொம்ப வெசனப்பட்டாரு."

அத்தை கூடையை இறக்கி வைத்தார். அப்புறம் நாங்கள் சுரண்டிக்கொண்டிருந்த சுவருக்கு வந்து, கயலின் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"செத்தாதான் எரக்கம் வருது பாரேன் அந்தாளுக்கு" என்றார். "அந்தக் கடைசி சீனு என்னிக்குடி எடுக்கணும்?"

"மாமா?"

"உங்க மாமாவ நான் பாத்துக்கறேன்."

மறுநாள் திங்கட்கிழமை காலை முதுநகர் நிறுத்தத்தில் டீக்கடை பெஞ்சுக்குப் பின்னால் கேமராவை வைத்தேன். கயல் செல்போனில் பாட்டை ஓடவிட்டுச் சட்டகத்துக்கு வெளியே நின்றாள். ஏழு மணிக்கு பஸ் வந்தது. அத்தை தலையில் கூடையோடு கைகாட்டினார். எழுதி வைத்தபடி அது புழுதியைக் கிளப்பிக்கொண்டு போக வேண்டும். இருபதடி தாண்டிப் போன பஸ் கிறீச்சென்று நின்றது. உத்திராபதி பின்படியிலிருந்து குதித்து, பேயைப் பார்த்தவர் மாதிரி வந்தார்.

"யம்மா... நீ..."

"உசுரோடதான் இருக்கேன்" என்றார் அத்தை. "நான் செத்ததுக்கு வெசனப்பட்டியாமே. வெசனமெல்லாம் வேணாம் சாமி. குந்த ஒரு எடம் குடு."

எங்கள் கதை அந்த இடத்தில் பாழாகிவிட்டது. நிறுத்தவா என்று கயலைப் பார்த்தேன். எடு எடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஆட்டினாள். டிரைவர் ஹாரன் அடித்தார். உத்திராபதி கூடையைத் தானே வாங்கி ஏற்றினார். பிறகு உள்ளே போய், மூன்றாவது வரிசை ஜன்னலோரம் பையை வைத்திருந்தவரைப் பார்த்து, "பைய எடு சார், ஆளு ஒக்காரணும்" என்றார். நானும் கயலும் பின்னாலேயே ஓடி ஏறினோம்.

பாட்டு இன்னும் செல்போனில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி அடிகள் வந்தன. அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வாயைத் திறக்காமல் இருந்தார்.

"பாடுங்கத்த, பாடுங்க" என்று கயல் கிசுகிசுத்தாள்.

"போடி" என்றார் அத்தை. "குந்திட்டேன். இன்னும் எதுக்கு அவன கேக்கணும்?"

புராஜெக்ட் பார்த்த கண்ணாயிரம் சார், கடைசி முப்பது நொடியில் பாட்டு ஓடுகிறது, உதடு அசையவே இல்லை, இது பெரிய குறை, மதிப்பெண் போகும் என்றார். இன்னும் நாலு நாள் இருக்கிறது, அந்தம்மாவை அழைத்துவந்து அந்த இடத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொடுங்கள் என்று எங்களுக்காக மனம் இறங்கியும் சொன்னார். நான் சரி சார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எடுக்க முடியாது சார்" என்றாள் கயல். "அவுங்க குந்திட்டாங்க."