சனிக்கிழமைத் தண்ணீரும் என் இரண்டு மணியும்

யுத்த காலம் அது. செகந்திராபாத்தில் ஒரு ரயில்வே பட்டறையின் வரைபட அறையில் எனக்கு வேலை. பட்டறைச் சுவரை ஒட்டியிருந்த பன்னிரண்டு வீடுகளிலும் தமிழ்க் குடும்பங்கள். சனிக்கிழமை விடிந்தால் போதும், சங்கு ஊதுவதற்குள் அத்தனை ஆண்களும் நல்லெண்ணெயும் சீயக்காயுமாகக் குழாயடியில் நிற்போம். அந்தக் குளியல் போனால் எங்களுக்கு வாரமே போச்சு.

பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். அதன் தலைப்பில் ஒரு மீட்டர். பம்ப் ஆள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை மணிக்கொரு தரம் அளவைக் குறித்து அனுப்புவான். அதைக் கோடாக வரைந்து அதிகாரியிடம் கொடுப்பது என் பொறுப்பு. சாதாரணக் கட்டத்தாளில் கோடு வாரம் முழுக்கத் தரையோடு படுத்திருக்கும். சனிக்கிழமை காலையில் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி எழும்பும்.

அந்தக் கம்பம் அதிகாரியின் கண்ணை உறுத்தியது. அவரும் தமிழர்தான். ஆனால் மூன்று தலைமுறையாக இந்த ஊர். பேச்சில் பாதி ஊர்ப் பேச்சு: 'ஏன்' என்பது 'கைக்கு', 'ஆமாம்' என்பது 'ஹவ்', 'வேண்டாம்' என்பது 'நக்கோ'.

"கைக்கு இவ்ளோ தண்ணி? சனிக்கிழமை என்ன, யானையா குளிப்பாட்றீங்க? அடுத்த மாசத்துலேர்ந்து சனிக்கிழமை காலைல ஒம்பது மணி வரைக்கும் குழாய் பந்த்!"

வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அரை மணியில் பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் எங்கள் வாசலில்.

"ஏங்க, கோடு போடுறது நீங்கதானே? அந்த ஒரு நாளைக் கொஞ்சம் குட்டையாப் போட்டாத்தான் என்னவாம்?" என்றாள் மனைவி.

"எண்ணுல நான் கை வைக்க மாட்டேன். ஆனா தாளை மாத்தலாம் இல்ல? சனிக்கிழமை தண்ணிக்கு நான் பொறுப்பு, போங்க!" என்று அத்தனை பேர் முன்னால் மார் தட்டினேன். இனி தோற்றால் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது.

பட்டறையின் சோதனை அறையில் ஒரு கட்டு விசேஷத் தாள் தூசி படிந்து கிடந்தது. லாகரிதம் தாள். அதில் ஒன்றிலிருந்து பத்துக்கு எவ்வளவு உயரமோ, பத்திலிருந்து நூறுக்கும் அதே உயரம்; நூறிலிருந்து ஆயிரத்துக்கும் அதே. பெரிய எண்ணின் தலையை அமுக்கும், சின்ன எண்ணைத் தூக்கி நிறுத்தும். எண் ஒன்றுகூட மாறாது. மறுநாள் காலையே ஒரு வாரக் கணக்கை அதில் ஏற்றினேன். அடடா! கொடிக்கம்பம் வெறும் மேடாகிவிட்டது. அதை மட்டுமே பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன், மடையன்.

அதிகாரியிடம் நீட்டி விளக்கினேன். "சார், பழைய தாள்ல பெரிய நாள் போடுற கூச்சல்ல மத்த நாள் சத்தமே கேக்கல. இதுல எல்லா நாளோட ஏத்த இறக்கமும் ஒரே தராசு. பாருங்க, மத்த நாள் காலையில்கூட அளவு ரெண்டு மடங்கு, மூணு மடங்கு ஏறி இறங்குது. சனிக்கிழமை அதைவிடக் கொஞ்சம்தான் ஜாஸ்தி."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஹவ், வாஸ்தவம்தான்," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது அவர் விரல் மெல்லக் கீழே இறங்கியது.

"இது என்னய்யா, தினம் ரெண்டு மணிக்கு ஒரு திமில்?"

இரண்டு மணிக்கு ஆண்களெல்லாம் பட்டறையில். பெண்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். குழாயைத் தொட நாதியில்லை, ஒருவனைத் தவிர. அந்த மே மாத வெயிலில், புளூபிரிண்ட் அறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சுவரின் சின்னக் கதவு வழியாக வீட்டுக்கு நழுவி, முப்பது காலன் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு திரும்புகிற அந்தப் புண்ணியவான் நான்தான். பழைய தாளில் முப்பது காலன் பென்சில் தடிமனுக்குள் அடங்கிப் போயிருந்தது. சின்ன எண்ணைத் தூக்கி நிறுத்துகிற தாள் என்னையும் சேர்த்துத் தூக்கி நிறுத்திவிட்டது.

"யாராவது துணி துவைப்பாங்க சார்," என்றேன்.

"அப்போ வியாழக்கிழமை ஏன் கோடே அறுந்திருக்கு?"

"அன்னைக்கு அந்த நேரத்துல சைபர், சார். இந்தத் தாள்ல சைபருக்கு இடம் கிடையாது. புள்ளி வைக்க முடியாது."

"வியாழக்கிழமை மத்தியானம் உன்னை நான் பேகம்பேட்டுக்கு அனுப்பினேன் இல்ல?"

நான் தாளை மெல்லச் சுருட்டப் போனேன்.

அவர் சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை. வாய்க்குள் பாக்கை ஒதுக்கிக்கொண்டு, "சனிக்கிழமை தண்ணி நிறுத்த வேணாம். நீ சொன்னது நியாயம். ஆனா ரெண்டு மணி திமில் நக்கோ. இனிமே வாராவாரம் இந்தத் தாள்லயே வரை. வேலை நாள் ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மணிக்குக் கோடு அறுந்திருக்கணும். நான் பார்ப்பேன்," என்றார்.

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு வீட்டிலும் வெந்நீர் ஆவி பறந்தது. எதிர்வீட்டு அக்கா ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுவந்து, "தம்பி, நீங்க நல்லா இருக்கணும்," என்று வாழ்த்திவிட்டுப் போனாள். அவமானமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பாயசத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அன்று இரண்டு மணிக்கு, குளிக்க நழுவாமல் வரைபட அறையிலேயே உட்கார்ந்து, பிசுபிசுக்கும் கையில் தாள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கர்ச்சீப்பை விரித்து, ஒரு மணிப் புள்ளியோடு கோட்டை நிறுத்திப் பென்சிலைத் தூக்கிக்கொண்டேன். அந்தக் கோடை முழுவதும் வாரத்துக்கு ஆறு இடத்தில் கோடு அறுந்தது. அறுத்தவன் நானேதான்.