வெடிப்புகளை அடைத்த கோடை

எங்கள் வீட்டுத் தோட்டத்து மண்ணைப் போல ஒரு பிடிவாதக்கார மண்ணை நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் காலை வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். பங்குனி, சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒருமுறை பாத்திரம் தேய்க்கும்போது கை தவறிய கரண்டி ஒரு வெடிப்புக்குள் போய்விட்டது. குச்சியை விட்டுத் துழாவியும் அகப்படவில்லை. விருத்தாசலத்தில் ஆற்றோரத் தெருக்காரர்களுக்கெல்லாம் மணல் கலந்த நல்ல மண். எங்களுக்கு வாய்த்தது சுத்தக் களிமண். மனை வாங்கும்போதே என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இதுல கீரகூட மொளைக்காது போலருக்குதே?"

"களிமண்ணுலதாண்டி நான் சம்பாதிக்கிறேன். அது நம்மளக் கைவிடாது" என்றார்.

அவருக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை. களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுகிற பிரிவில் மேற்பார்வை. மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தே, காயும்போது எவ்வளவு சுருங்கும் என்று சொல்லிவிடுவார். வீட்டில் உப்பு எந்த ஜாடியில் இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்.

அறுபதுகள் முடிகிற சமயம் அது. ஒரு மார்கழிக் காலையில், வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட வாய் வரவில்லை. பக்கவாதம். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை அவருக்கு. எங்கள் ஒரே மகளை அப்போதுதான் சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்திருந்தோம். வீட்டில் நானும் அவரும் மட்டும்தான்.

பேச்சு சீக்கிரமே திரும்பியது. மாசி வாக்கில் தடி ஊன்றி, காலை இழுத்து இழுத்து, வீட்டுக்குள் தானாக நடக்க ஆரம்பித்தார். வீட்டுக்குள் சிமெண்டுத் தரை, அதனால் முடிந்தது. தோட்டத்தில் முடியவில்லை. கக்கூஸ் இருந்ததோ தோட்டத்துக் கடைசியில். அந்தக் காலத்தில் யார் அதை வீட்டுக்குள் வைத்துக் கட்டினார்கள்? பின்வாசலில் இறங்கி, கிணற்றைத் தாண்டி, கொய்யா மரத்தைத் தாண்டிப் போக வேண்டும். ஊன்றிய தடி வெடிப்புக்குள் இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

வா என்று ஒருநாளும் அவர் கூப்பிட்டதில்லை. இருமுவார். அந்த இருமல் கேட்டதும் அடுப்பில் எது இருந்தாலும் விட்டுவிட்டு ஓடுவேன். பாதி வழியில் பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தால் போதும், நின்றுவிடுவார். கொய்யா மரத்தில் காய் பார்ப்பது போல மேலே பார்ப்பார். அந்தத் தலை மறைந்த பிறகுதான் அடுத்த அடி வைப்பார். எனக்கு அழுகையும் வரும், எரிச்சலும் வரும். கம்பெனியில் அத்தனை பேரை வேலை வாங்கிய மனுஷன்.

ஜன்னலோரத்தில் ஒரு குரோட்டன்ஸ் செடி இருந்தது. வாய் நெளிந்த ஜாடியில் நான் நட்டு வைத்தது, வருஷக்கணக்கில் சோனியாகவே நின்றது. பங்குனி வெயிலில் அது திடீரென்று தளதளவென்று துளிர்த்தது. எனக்குச் சந்தேகம் வர நாளாயிற்று. ஒருநாள் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போவது போலப் போய், கதவிடுக்கில் நின்று பார்த்தேன். தம்ளரை எடுத்தார், எட்டிச் சாய்ந்து ஜாடியில் ஊற்றினார், காலித் தம்ளரை உதட்டில் வைத்து ஈரமாக்கிக்கொண்டார்.

"ஏங்க, குடிக்கக் குடுத்தா செடிக்கு ஊத்துறீங்களா?"

சுவரைப் பார்த்தார். "குடிச்சா போவணும்ல."

அன்றைக்கு நான் அவரைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. திட்டி என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரமே நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து, மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி குடிக்காம விட்டா கிட்னி போயிடும்மா. பக்கவாதத்துல பொழைச்ச ஆள இதுல பறிகுடுத்துடாதீங்க" என்றார். நான் என்ன செய்வேன்? வாயைப் பிளந்து ஊற்றவா முடியும்? குரோட்டன்ஸ் ஜாடியைத் தூக்கித் தெருவாசலில் வைத்தேன். அதற்குப் பிறகு தம்ளர் நிறைந்தபடியே இருந்தது.

தளம் போடும் யோசனை அவருடையதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் சுண்ணாம்புக்கட்டி கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே குனிந்து, தரையில் தோட்டத்தை வரைந்தார். பின்வாசலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் கல் பாவிய தளம். கொய்யா மரத்தடியில் நாலு நாற்காலி போடுகிற மாதிரி அகலம். தண்ணீர் தேங்காமல் வாழைப்பக்கம் லேசான வாட்டம்.

"ஆராச்சும் வந்தா அங்கயே ஒக்காந்து பேசலாம். நான் பாட்டுக்கு எழுந்து போயிட்டு வருவேன். நீ ஒன் வேலையப் பாரு" என்றார். அவர் முகத்தில் களை வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கோடுகள்மேல் துடைப்பம் படாமல் சுற்றிச் சுற்றிப் பெருக்கினேன்.

மங்கலம்பேட்டையில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். கடப்பாக்கல் அங்கிருந்து மாட்டுவண்டியில் வந்தது. கொத்தனார் கருவேப்பிலங்குறிச்சிக்காரர். மண்ணைப் பார்த்ததும், "சார், இந்த வெடிப்ப அடைக்காம மேல கல்ல போட்டா கல்லு உள்வாங்கிடுங்க" என்றார். அதைத்தான் என் வீட்டுக்காரரும் நினைத்து வைத்திருந்தார்.

எங்கள் ஊரில் பள்ளத்தை அடைக்க என்றால் பீங்கான் சில்லுதான். சூளையில் கோணிப்போனது, விண்டு போனது, காது ஒடிந்த கப்பு எல்லாம் கம்பெனிக்கு வெளியே மலையாகக் கிடக்கும். வாசல் பள்ளமோ வண்டித்தடமோ மாட்டுக்கொட்டகையோ எதுவானாலும் கூடையில் அள்ளி வந்து கொட்டி இடித்துவிடுவோம். மக்காது, கரையாது, எலி தோண்டாது. எல்லார் வீட்டிலும் நன்றாகத்தானே இருந்தது? ஆற்றோரத்து வீடுகளில் இருந்தது.

கம்பெனியிலிருந்து அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் ஒரு வண்டி நிறையச் சில்லு கொண்டுவந்து இறக்கினார்கள். சித்திரை வெயிலில் வெடிப்புகள் உள்ளதிலேயே அகலமாக வாய் பிளந்திருந்த சமயம். சில்லைப் பொடியாக உடைத்துப் போட்டு, இரும்புக் கம்பியால் குத்திக் குத்தி இறக்கினார்கள். போடப்போட உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"அண்ணே, என்னாண்ணே இது, பாதாளம் வரைக்கும் போவுது?"

"போவட்டும்டா. வழிய வழியப் போடு. ஒரு விரக்கட எடம் விடக் கூடாது" என்றார் இவர். பின்வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தடியை நீட்டி நீட்டி, அங்கே இன்னும் போடு, இங்கே இன்னும் குத்து என்று வேலை வாங்கினார். கம்பெனியில் இப்படித்தான் இருந்திருப்பார் போல. நான் டீயைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். எனக்குத்தான் எல்லாரையும்விடச் சந்தோஷம். என் கரண்டியை விழுங்கிய வெடிப்பு என் கண்ணெதிரே நிறைந்து மூடியது. திம்சுக்கட்டையால் இடித்து, மேலே சுண்ணாம்புச் சல்லி பரப்பி, கல்லைப் பாவினார்கள். தட்டிப் பார்த்தால் கணீரென்று கேட்டது.

பூச்சு காய்ந்த அன்று அவர் யாரையும் கூப்பிடவில்லை, இருமவும் இல்லை. நான் அடுக்களையில் இருந்தேன். பின்வாசலில் தடிச் சத்தம் கேட்டது. டொக், அப்புறம் காலை இழுக்கிற சரசரப்பு. மறுபடி டொக். ஓடிப்போய்ப் பிடிக்கவா வேண்டாமா என்று தவித்துக் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். சத்தம் தூரமாகப் போயிற்று. கக்கூஸ் கதவு கிறீச்சிட்டது. பிறகு சத்தம் அதேபோலத் திரும்பி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும், "ஒரு சொம்பு தண்ணி குடு" என்றார். தம்ளர் இல்லை, சொம்பு. அண்ணாந்து கடகடவென்று குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்ற நான், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய் அழுதேன். வாழ்க்கையில் அப்படி ஒரு நிம்மதி எனக்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை.

அந்தக் கோடை முழுக்க நாங்கள் நன்றாக இருந்தோம். சாயங்காலமானால் சிநேகிதர்கள் வருவார்கள். கொய்யா மரத்தடியில் நாற்காலி போட்டுக் கம்பெனிக் கதை பேசுவார்கள். பேச்சு நடுவே இவர் எழுந்து தடியை ஊன்றி மெதுவாகப் போய்விட்டு வருவார். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். "ஒங்க அண்ணனுக்குத் தாகமே அடங்கலிங்க, கெணறு வத்திடும் போலருக்குது" என்று அவர்களிடம் நான் கிண்டல் செய்வேன். இடையில் ஒரு கோடைமழை பெய்தது. தண்ணீர் அவர் போட்ட வாட்டத்தில் வழிந்து நேராக வாழைக்குப் போனது. வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினார்.

ஆவணியில் விட்டுவிட்டுத் தூறியது. ஒருநாள் வாழைப்பக்கத்துக் கல்லில் தடியை ஊன்றியவர் நின்று, மறுபடி ஊன்றிப் பார்த்தார். கல் லேசாக ஆடியது. "சுண்ணாம்பு விட்டிருக்கும், பூசிக்கலாம்" என்றார். நானும் ஆமாம் என்றேன். புரட்டாசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. ஒருநாள் காலை பின்வாசலைத் திறந்தால் தளம் தளமாக இல்லை. நடுவே ஒரு வரிசைக் கல் கூரை மாதிரி எழும்பி நின்றது. பக்கத்துக் கற்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன. இடுக்கில் வெள்ளைவெள்ளையாகச் சில்லு பிதுங்கிக்கொண்டிருந்தது. மண்ணுக்குத் தின்னக் கொடுத்ததை அது திருப்பித் தள்ளிவிட்டது.

அவரை எழுப்பாமல், நான் என்னவோ அதைத் தள்ளிச் சரிசெய்துவிட முடியும் என்பது போல, மழையில் இறங்கி ஒரு கல்லை மிதித்துப் பார்த்தேன். அசையவில்லை. திரும்பினால் அவர் பின்வாசலில் நின்றிருந்தார். எழும்பிய கல்லைப் பார்த்தபடியே சொன்னார்.

"கோடையில மண்ணு சுருங்கித்தான வெடிச்சிது. ஈரம் பட்டா திரும்ப ஊதும். அந்த வெடிப்புலதான் வந்து நெறையும். அங்கதான் நாம சில்லு போட்டு அடைச்சிட்டோமே. பக்கத்துல போவ எடமில்ல. மேலதான் வரும்."

"இது ஒங்களுக்குத் தெரியாததா?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்க கம்பெனி மண்ணு வெள்ள மண்ணு. இப்புடி எழுந்து நிக்காது" என்றார். பிறகு, "மண்ணு காயிறதுக்குத்தான் நாங்க கணக்கு போட்டுப் பழகுனவங்க. நனையிறதுக்குப் போட்டதில்ல" என்றார்.

கையைக் கொடுங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். ஓரமாகவே போய்விடுகிறேன் என்று தடியை ஊன்றி இறங்கினார். கிணற்றைத் தாண்டிவிட்டார். கொய்யா மரத்தருகே சாய்ந்திருந்த கல்லில் தடி வழுக்கியது. நான் போய்ச் சேர்வதற்குள் விழுந்துவிட்டார். சேற்றில் என்னால் அவரைத் தூக்க முடியவில்லை. தூக்கத் தூக்க என் காலும் சறுக்கியது. பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தாண்டி ஓடி வந்தார். இரண்டு பேருமாகத் தூக்கி நிறுத்தினோம். வேட்டி நனைந்திருந்தது மழையில் மட்டுமில்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. நல்ல மனுஷர் அவர். ஒன்றையும் கண்டுகொள்ளாமல், "இனிமே எந்நேரமா இருந்தாலும் ஒரு கொரல் குடுங்க சார், நான் வந்து புடிச்சிக்கிறேன்" என்றார். இவர் மேலே கொய்யா மரத்தைப் பார்த்தார்.

அடி ஒன்றும் பெரிதாக இல்லை. கொத்தனாருக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். அவர் குடையோடு வந்து, எழும்பிய கல்லைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். கல்லையெல்லாம் பெயர்க்க வேண்டும், சில்லை முழுக்க வாரிக் கொட்ட வேண்டும், ஆழமாக வெட்டி ஆற்று மணலைப் போட வேண்டும் என்றார்.

"நாளைக்கே ஆரம்பிங்களேன்" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"இப்ப எப்புடிங்கம்மா? வெட்டுன குழியில தண்ணிதான் நிக்கும். மண்வெட்டிய வச்சா மண்வெட்டியே வராது. மழ நிக்கட்டும். தையில பாத்துக்கலாம்." உள்ளே திரும்பி, "வரேன் சார்" என்றுவிட்டுப் போனார். அவர் பேசியது இவருக்குக் கேட்டிருக்கும். நாற்காலி ஜன்னலோரத்தில்தான் இருந்தது.

நான் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு போனேன். காலையிலிருந்து அவர் ஒன்றும் குடித்திருக்கவில்லை. நீட்டினேன். வாங்கவில்லை. நீட்டிய கையோடு நின்றேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நல்ல கையால் சொம்பை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"மழ நிக்கட்டும்" என்றார்.

ஐப்பசி அப்போதுதான் பிறந்திருந்தது.