மீன் படாத பானை

பக்கத்து வீட்டு மதாம் இன்று காலை கீரைக்கறி கொடுத்தனுப்பினாள். மூடியைத் திறந்ததும் என் மூக்கு தானாகவே பாத்திரத்துக்குள் போய்விட்டது. மகள் தைலம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். "வெசம் இல்லப்பா, தின்னுங்க," என்றாள். என்ன செய்ய, நான் பிறவிச் சந்தேகக்காரன். பால்காரர் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால், ஏன் கலக்கவில்லை என்று யோசிக்கிறவன்.

இந்த மூக்குக்குக் கடலில் ஒரு பெயர்கூட வைத்தார்கள். அதற்கு, இதே தைலம்மா நடக்காமல் கிடந்த காலத்துக்குப் போக வேண்டும். மற்றப் பிள்ளைகள் தெருவில் ஓடுகிற வயதில் அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவள் காலூன்ற வேண்டும் என்று முருகனுக்குக் காவடி நேர்ந்து, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டி விரதத்தில் இருந்தேன். பூசம் வருவதற்குள் மீனோ கறியோ ஒரு துளி நாக்கில் பட்டாலும் வேண்டுதல் வீண். பிள்ளையின் கால் என் வாயில் இருக்கிறது என்றே நம்பினேன்.

கரும்பு வெட்டு முடிந்து என் துண்டு நிலத்தில் வேலை இல்லை. கிராண்ட் கோப் கரையிலிருந்து போர்ட் லூயிக்குக் கடைசிச் சர்க்கரை மூட்டைகளை ஏற்றிப்போகும் பாய்ப்படகில் ஓர் ஆள் குறைந்ததென்று கூப்பிட்டார்கள், ஏறிவிட்டேன். ஏறும்போது மைத்துனன் காதைக் கடித்தான்: "மச்சான், சாக்கிரதை. வெரதக்காரன் சோத்துல மீனு முள்ளப் போட்டு வேடிக்க பாப்பானுங்க." போதாதா எனக்கு? அந்த வெயிலிலும் சட்டைக் கையை இழுத்துவிட்டுக் கயிற்றை மறைத்துக்கொண்டேன்.

படகில் என்னைத் தவிர இரண்டே பேர். பெலிக்ஸ் என்ற கிரியோல்காரர் படகுத் தலைவர், அவரைப் பத்ரோன் என்பார்கள். மற்றவன் நம் ஆள் மருதை. மருதையின் தமிழில் பாதி, எங்கள் தீவின் கலப்புப் பேச்சான கிரியோல். அவர்கள் சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகப் பட்டது. சிரிக்காவிட்டால் ஏதோ திட்டம் என்று பட்டது. முன்பக்கம் கோணியில் சுற்றி ஒரு சின்னப் பானை இருந்தது. மருதை அதன் பக்கம் கையைக் கொண்டுபோனபோது பத்ரோன் அதட்டினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கள்ளச் சாராயமா, மயக்க மருந்தா என்று என் மனம் அலைந்தது.

கிராண்ட் பே கரைக்கு எதிரே காற்று செத்துவிட்டது. நங்கூரம் போட்டுவிட்டு அவர்கள் அடுப்பை மூட்டினார்கள். பெரிய சட்டியில் மீன் கொதித்த வாசம் படகு முழுவதும் ஏறியது. சோறு போடும் நேரத்தில் பத்ரோன் என் பக்கம் கண்ணைக் காட்டி, "பா தொன் லி," என்றார். அவனுக்குக் கொடுக்காதே என்று அர்த்தம். மீன் வேண்டாதவன்தான் நான். ஆனாலும் கொடுக்காதே என்று சொன்னதில் ரோசம் வந்தது.

பிறகு அவர் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து, அந்தச் சின்னப் பானையை என் முன்னால் வைத்தார். பருப்பும் சோறும். எப்போது சமைத்தார் என்றுகூட நான் கவனிக்கவில்லை. பெரிய சட்டியைத்தானே காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

"பாய் இழுக்கறப்போ உன் மஞ்சக் கயித்த பத்ரோன் பாத்துட்டாரு," என்றான் மருதை. "பூசம் வந்தா யாராச்சும் ஒருத்தன் வெரதத்துல வருவான்னு இந்தப் பானையத் தனியா வச்சிருக்காரு. இதுல மீனு பட்டதே இல்ல, கூட்டாளி."

நான் நம்பினேனா? குனிந்து முகர்ந்தேன். பானையைத் திருப்பி அடுத்த பக்கமும் முகர்ந்தேன். பத்ரோன் கிரியோலில் ஏதோ சொல்ல, மருதை விழுந்து விழுந்து சிரித்தான். "சாமியவே மோந்து பாத்துட்டுத்தான் கும்புடுவியாம்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் கம்மி. ஆனால் பானையைக் காலி செய்துவிட்டேன். போர்ட் லூயி போய்ச் சேர்வதற்குள் எனக்கு 'நேனே' என்று பெயர் வைத்துவிட்டார்கள், கிரியோலில் மூக்கு. காவடியும் எடுத்தேன். அடுத்த வருஷம் தைலம்மா நடந்தாள். அவளைக் கரைக்குக் கூட்டிப்போனபோது பத்ரோன் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அப்போதும், பிள்ளையைக் கடலில் போட்டுவிடுவாரோ என்று காலைப் பிடித்தபடியே நின்றேன்.

இப்போது மூட்டையெல்லாம் லாரியில் போகிறது. மருதை கியூர்பிப் பக்கம் வேலை தேடிப் போனவன், திரும்பவில்லை. பத்ரோனை மண்ணில் வைத்தாயிற்று. போன மாதம் அந்தப் படகை விறகுக்கு உடைத்தார்கள். வேடிக்கை பார்க்கப் போன என் காலடியில், பலகைகளுக்கு நடுவே, கோணி சுற்றிய அந்தப் பானை கிடந்தது.

எடுத்து முகர்ந்து பார்த்தேன். மீன் வாடை துளியும் இல்லை. "என்ன நேனே, இப்பவாச்சும் நம்புறியா?" என்று கேட்க அந்தக் கரையில் ஒருவரும் இல்லை.